‘போதும்’ என்ற சொல்லின் பொருள்

சொல்லுவோர் ஒரு பொருளிற் சொல்ல, கேட்போர் வேறொரு பொருளிற் கொள்ளும் சொற்கள் தமிழிற் சில உள. அவற்றுள் தலைமை பெற்றது ‘போதும்’ என்பது. பந்தியில் அமர்ந்தவர் இலைமேற் கையை மறித்துப் ‘போதும்’ என்றால், பரிமாறுபவர் அதற்குக் கொள்ளும் பொருள் ‘இன்னும் ஓர் அகப்பை இடுக’ என்பதே. மும்முறை மறுத்தல் விருந்தினருக்கு நாகரிகம்; நான்காம் முறையும் இடுதல் உபசரிப்பவருக்குப் பண்பு. இந்த இனிய வழக்கிலே இருதிறத்தாரும் வெல்வர். தோற்பது வயிறு ஒன்றே.

ஆயினும், ‘போதும்’ என்பதை அதன் நேர்ப்பொருளிலேயே சொல்ல வேண்டிய நிலையிலுள்ளார் சிலர் இப்பொழுது நம்மிடையே உளர். மிகுந்த உடற்பருமனுக்காக இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய இரைப்பை ஒரு சிறு கோப்பையளவே கொள்ளும். அதற்கு மேல் இடப்படும் ஓர் அகப்பை அன்பாக மாறுவதில்லை. நெஞ்சடைப்பாகவும் வாந்தியாகவும் மாறுகின்றது. இவர்கள் உண்பதிலே படும் இடர்ப்பாடு யாது, அதனை எவ்வாறு கடக்கலாம், சுற்றியிருப்போர் செய்யவேண்டுவது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பசியை அறிந்த சமுதாயம்

‘தேயிலை மலையிலே உடற்பருமனா? இது கொழும்பு நகரத்துப் பேச்சன்றோ?’ என வினவுவார் உளர். வினா நியாயமானதே. மலையகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது குறையுணவேயன்றி மிகையுணவன்று. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் எத்துணையோ குடும்பங்களைக் கடல் கடக்கச் செய்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் உணவுத் தட்டுப்பாடு மிகுந்தபோது தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அந்நாளில் மாவுக்கும் மரவள்ளிக்கிழங்கிற்கும் அலைந்த பிள்ளைகள் இன்று லயக் காம்பிராக்களிலே பாட்டன் பாட்டிகளாக இருக்கின்றனர். தட்டிலே பாதிச் சோறு எஞ்சியிருக்கக் கண்டால் அவர்கள் உள்ளம் பதைப்பதன் காரணத்தை வரலாறு அறியும்.

எனினும் காலம் மாறிற்று. கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறி இறங்கிய குடும்பங்களிலிருந்து கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வகுப்பறைகளுக்கும் சென்றோர் பலர். உழைப்பு குறைந்தது, ஆனால் கோதுமை மா ரொட்டியும், சீனி மிகுந்த தேத்தண்ணீரும், மலைபோற் குவிந்த சோறும் பழைய அளவிலேயே நின்றன. 2018–2019இல் இலங்கை முழுவதையும் தழுவி நடைபெற்ற ஆய்வொன்று, வயதுவந்தோரில் நூற்றுக்கு 23 பேர் அளவில் நீரிழிவுடையோர் எனக் கண்டது. ஆசிய மக்களுக்கு மேலைநாட்டாரினும் குறைந்த பருமனிலேயே இந்நோய்கள் தொடங்குகின்றன என்பதும் மருத்துவர் கண்ட உண்மை. இதுபற்றியே 2022இல் வெளிவந்த பன்னாட்டு மருத்துவ வழிகாட்டல், ஆசியருக்குரிய சத்திரசிகிச்சை எல்லையைத் தாழ்த்தி வகுத்தது.

குறையுணவும் மிகையுணவும் ஒரே லயத்தில், ஏன், ஒரே குடும்பத்திற்கூட அடுத்தடுத்து வாழலாம். ஆதலின் இச்செய்தி நமக்குப் புறம்பானதன்று. களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையிலே இச்சத்திரசிகிச்சை செய்யப்பட்டு வருகின்றது. அத்தகைய வைத்தியசாலை ஒன்றிலிருந்து வீடு திரும்பும் ஒருவர், அவிசாவளையும் கித்துல்கலையும் கடந்து, வளைவுகள் நிறைந்த பாதையிலே பேருந்தில் ஏறி, கினிகத்தேனைச் சந்தியில் இறங்குகின்றார் என்று கொள்வோம். நோயாளருக்கென எழுதிய உணவுத்தாள் ஒன்று அவர் கையில் இருக்கும். அத்தாளுக்கும் தோட்டத்துக் குசினிக்கும் இடையே உள்ள தூரம், கொழும்புக்கும் கினிகத்தேனைக்கும் இடையே உள்ள தூரத்தினும் பெரிது.

அறுவையின் கதை

இரைப்பையை அறுத்தல் புதிய கலையன்று. 1881ஆம் ஆண்டு தை மாதம் 29ஆந் திகதி, வியன்னா நகரிலே தியோடர் பில்ரொத் என்னும் மருத்துவர், புற்றுநோய் கண்ட இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றி, எஞ்சியதைக் குடலோடு இணைத்தார். அந்நோயாளி அறுவையைத் தாங்கிச் சில திங்கள் உயிர்வாழ்ந்தார். அதன்பின் குடற்புண் நோய்க்கும் இவ்வகைச் சிகிச்சை உலகெங்கும் பரவிற்று.

தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. 1922, 1924ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் மலையேறச் சென்ற ஆங்கிலக் குழுவினருள் ஹோவர்ட் சொமர்வெல் என்பவர் ஒருவர். அவர் நெய்யூர் மருத்துவமனையிலே நெடுங்காலம் பணியாற்றினார். நெய்யூர் அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டத்தில் இப்பொழுது உள்ளது. குடற்புண்ணால் வருந்திய ஏழை மக்கள் மிகப் பலருக்கு அவர் இரைப்பை அறுவை செய்தார்; அவ்வநுபவத்தைக் கொண்டு 1948இல் ஒரு நூலும் எழுதினார். இரைப்பை அறுவைக்குப் பின் உண்பது எங்ஙனம் என்ற வினாவைத் தமிழ்பேசும் மக்கள் இன்று நேற்றல்ல, மூன்று நான்கு தலைமுறைக்கு முன்பே எதிர்கொண்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

குடற்புண்ணுக்காக இரைப்பை குறைக்கப்பட்டோர் பின்னர் உடல் பெருப்பதில்லை என்பதை மருத்துவர்கள் கண்டனர். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன், ஒரு நோய்க்குத் தீங்காகக் கருதப்பட்ட அவ்விளைவை மற்றொரு நோய்க்கு மருந்தாக்கலாம் என்று எண்ணி, 1966இல் உடற்பருமனுக்கென இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கினார். இன்று இரு முறைகள் பெருவழக்காயுள. ஒன்றில், இரைப்பையின் முக்கால் பாகத்தினும் சற்று மிகுதியாக அகற்றி, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாக்குவர். மற்றொன்றில், ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையொன்றை மேற்புறத்தே அமைத்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைப்பர். பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் சுரப்பினை 1999இல் யப்பானிய அறிஞர் கண்டறிந்தனர். அது மிகுதியாகச் சுரக்கும் இடம் இரைப்பையின் மேற்பகுதி. முதலாம் முறையில் அப்பகுதியே அகற்றப்படுவதால், கொள்ளளவு குறைவதோடு பசியுணர்வும் தணிகின்றது.

மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்பாள் முனிவரின் சாபத்தால் ‘யானைத்தீ’ என்னும் அடங்காப் பசி நோயுற்று, பன்னீராண்டு வருந்தினாள். அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவால் அந்நோய் நீங்கிற்று என்பது கதை. காப்பியத்தில் நோய் நீங்கியதும் பசி வழமைக்கு வந்துவிடுகின்றது. சத்திரசிகிச்சை செய்தோருக்கோ பசி தணிந்த பின்னரே பாடம் தொடங்குகின்றது. குழந்தைப் பருவத்திற் கற்ற உண்ணுந் தொழிலை அவர்கள் முதலிலிருந்து மீளக் கற்க வேண்டும்.

நால்வகை உணவும் நான்கு படிகளும்

உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். இதனை மாணவருக்கு நிகண்டுப் பாடமாகச் சொல்லிவிட்டு நாம் அப்பாற் செல்கின்றோம். ஆனால் இச்சத்திரசிகிச்சைக்குப் பின் மருத்துவர் வகுக்கும் உணவுப் படிகளை நோக்கினால், இந்நால்வகையே வேறோர் ஒழுங்கில் நிற்பதைக் காணலாம். அவ்வொழுங்கு பருகுவன, நக்குவன, உண்பன, தின்பன என்பது. நாட்கணக்கு வைத்தியசாலைக்கு வைத்தியசாலை சற்று வேறுபடும். ஆகவே தத்தம் வைத்தியர் தந்த தாளே பிரமாணம். இங்குக் கூறுவது பொதுநெறி.

முதற்படி பருகுவன. ஏறக்குறைய முதல் இரண்டு வாரங்கள் நீர்மமே உணவு. தொடக்கத்தில் நீரும் தெளிந்த சாறும். பின்னர் வடித்த கஞ்சி, கொழுப்பு நீக்கிய பால் முதலியன. இங்கே ‘பருகுதல்’ என்பது மடமடவெனக் குடித்தலன்று. ஒரு மிடறு, சற்றே பொறுத்து மறுமிடறு. நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் நீர்மம் உட்செல்ல வேண்டுமாதலின், அருகிலே போத்தலை வைத்துக்கொண்டு பகல் முழுவதும் பருகுதல் வேண்டும். மழையும் குளிரும் மிக்க நம் பகுதியிலே தாகம் தோன்றுவது அரிது. தாகம் வரட்டும் என்று காத்திருப்பவர் நீர் வற்றித் தலைசுற்றுக்கு ஆளாவர்.

இரண்டாம் படி நக்குவன. மூன்றாம் நான்காம் வாரங்களிலே கூழ்போல் மசித்தவை இடம்பெறும். நன்கு வேகவைத்து மசித்த மைசூர்ப் பருப்பு, தயிர், குழைய அவித்த முட்டை, முள் நீக்கி மசித்த மீன் என்பன ஏற்றவை. உறைப்பும் எண்ணெயும் குறைதல் நன்று. கட்டைச் சம்பலுக்குப் பழகிய நாவுக்கு இது சோதனைக் காலமே.

மூன்றாம் படி உண்பன. ஐந்தாம் ஆறாம் வாரங்களிலே விரலால் நசுங்கும் மென்மையான உணவு உண்ணலாம். அவித்த மீன், பூசணி, கரட், குழைந்த பயறு ஆகியன இதனுள் அடங்கும்.

நான்காம் படி தின்பன, அஃதாவது மென்று உண்ணப்படுவன. இதுவே எஞ்சிய வாழ்நாளுக்குரிய படி. இடர் மிகுந்ததும் இதுவே. பாண், உலர்ந்த ரொட்டி, ஒட்டிக்கொள்ளும் சோறு, நார் மிகுந்த இறைச்சி ஆகியவையே எல்லா நாட்டு நோயாளரையும் வருத்துவன. தோட்டத்து நாளுணவோ ரொட்டியும் சோறுமே. ஆகவே நம்மவருக்குரிய சோதனை மற்றையோருக்கு உள்ளதினும் கடுமையானது. ரொட்டியை விரும்புவோர் சில திங்கள் பொறுத்து, மெல்லியதாய்ச் சுட்டு, நகமளவு கிள்ளி, பருப்பில் ஊறவைத்துத் தொடங்குவது நலம்.

இனி, உண்ணும் முறை. கவளம் சுண்டுவிரல் நகத்தளவினதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கவளத்தையும் இருபது முப்பது முறை மெல்ல வேண்டும். ஒரு வேளையுணவுக்கு இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை கொள்ள வேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது. உண்டபின் அரைமணி நேரம் கழித்தே அருந்தலாம். எழுதுவதற்கு எளிய இந்நான்கு விதிகளும் மலையில் நின்று தொழில் செய்பவருக்கு எத்துணைக் கடியன! பாடசாலையின் குறுகிய இடைவேளையில் உண்ணும் ஆசிரியருக்கும் இதே இடர் உண்டு. வேலைத்தலத்தார் ஒரு பத்து நிமிடம் விட்டுக்கொடுப்பாராயின் அது பெரிய மருந்தாகும். அஃது இயலாவிடின், ஒரு பெருவேளையை இரு சிறுவேளையாகப் பகுத்துக்கொள்ளலாம்.

கறியே உணவு, சோறே துணை

நம் தட்டிலே சோறு நடுவே வீற்றிருக்கும். கறிகள் ஓரத்தே பணிந்து நிற்கும். ‘சோறு உண்டாயா?’ என்பதே நலம் வினவும் சொல். இச்சிகிச்சைக்குப் பின் இவ்வரசியல் மாறவேண்டும். சிறிய இரைப்பையிற் சோறு முதலிற் புகுந்தால் புரதத்திற்கு இடமில்லை. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும், சோர்வு மிகும், சிகிச்சைக்குப் பின் மூன்றாம் திங்கள் முதல் பலருக்கு நேரும் தலைமயிர் உதிர்வும் கூடும். ஆகவே முதலில் புரதம், அடுத்து மரக்கறி, ஈற்றிலே இடமிருந்தாற் சோறு.

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பர். விலையுயர்ந்த மாவுப் பேணிகளின்றி இதனை நம் குசினியிலேயே ஈட்டலாம். இரண்டு முட்டையில் ஏறத்தாழ 12 கிராம்; 100 கிராம் மீனில் 20; வெந்த பருப்பு அரைக் கோப்பையில் 9; இரு கோப்பைப் பாலில் 14; சிறு கிண்ணத் தயிரில் 5. கூட்டினால் 60. பயறு, கௌப்பி, நெத்தலி, சோயா, டின்மீன் ஆகியவற்றையும் முறைமாற்றிச் சேர்க்கலாம். சிலருக்குச் சிகிச்சைக்குப் பின் பால் ஒவ்வாது வயிறு இரையும். அவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துவரும்.

சிக்கலும் கொட்டலும்

மெல்லாது விழுங்கிய கவளம் நெஞ்செலும்பின் பின்னே சிக்கி நிற்பதுண்டு. நெஞ்சு இறுகும்; வாயிலே நுரைத்த உமிழ்நீர் ஊறும். அவ்வேளை நீரை ஊற்றி அதனைத் தள்ள முயலுதல் தவறு. நீரும் மேலே தேங்கி வாதனையை மிகுவிக்கும். உண்பதை நிறுத்தி, எழுந்து மெல்ல உலாவினால் பெரும்பாலும் தானே இறங்கும். ஒருநாட் சிக்கல் அவசரத்தின் விளைவு. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் நாடோறும் சிக்குமாயினும், நீரும் தங்காது வெளிவருமாயினும், இரைப்பைக் குழாய் ஒடுங்கியிருக்கக் கூடும். அதற்கு வைத்தியசாலை ஒன்றே வழி.

மற்றோர் இடர், மாற்றுவழிச் சிகிச்சை செய்தோரிடம் மிகுதியாகக் காணப்படுவது. இனிப்பு மிக்க உணவு சிறு பையில் தங்காது குடலுள்ளே மொத்தமாய் இறங்கும். கொழுந்துச் சாக்கை அவிழ்த்து ஒரேயடியாய்க் கொட்டினாற் போன்றது இது. ‘டம்பிங்’, அஃதாவது கொட்டுதல், என்ற பெயரே இதற்கு 1922 முதல் மருத்துவ நூல்களில் வழங்குகின்றது. உண்ட பத்து முதல் முப்பது நிமிடங்களுள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கிக் கழியும், படுத்தாலன்றி நிற்க இயலாது. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தின் பின் குருதியிற் சீனி தாழ்ந்து கை நடுங்கும். நீரிழிவு இல்லாதவரும் இதற்கு ஆளாவர். கித்துள் கருப்பட்டியைக் கடித்துச் சாயத் தண்ணீர் பருகும் நம் ஊர் இன்பம் இவர்களுக்கு இவ்வாற்றாற் பகையாகலாம். சீனியைக் குறைத்து, புரதத்தைக் கூட்டி, நீரை உணவினின்று பிரித்து அருந்தினால் பெரும்பாலோர் தேறுவர்.

தேத்தண்ணீரும் குளிசையும்

உணவு குறைந்தவிடத்துச் சத்தும் குறையும். ஆதலின் இரும்பு, கல்சியம், விற்றமின் ‘டி’, ‘பி12’ முதலியவற்றைக் குளிசையாகவோ ஊசியாகவோ வாழ்நாள் முழுவதும் பெறுதல் வேண்டும். உடல் மெலிந்து நலம் கண்டபின் ‘இனி எதற்குக் குளிசை?’ எனக் கைவிடுவதே பெருந்தவறு. உடலில் முன்னரே சேர்ந்திருந்த ‘பி12’ தீர ஆண்டுகள் செல்லலாம். தீர்ந்தபின் தோன்றும் நரம்புத் தளர்ச்சியைச் சிலவேளை முற்றும் மீட்க இயலாது.

இங்கே தேயிலை நாட்டவர் சிறப்பாக அறியவேண்டுவது ஒன்றுண்டு. தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது. குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு செய்வார் இரும்பை விழுங்கியும் பயன் பெறார். தேத்தண்ணீருக்கும் இரும்புக் குளிசைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது செல்லவேண்டும். தேசிக்காய்ச் சாறும் கொய்யாப்பழமும் இரும்புக்குத் துணை. கல்சியத்தையும் இரும்பையும் ஒரே வேளையில் உட்கொள்ளாது இரண்டு மணி நேரம் பிரித்தல் நன்று.

விற்றமின் ‘பி1’ எனப்படும் தயமினைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். தவிடு நீக்கிய அரிசியை உண்போருக்கு ‘பெரிபெரி’ நோய் வருதலை யாவாத் தீவிலே ஆராயத் தொடங்கியவர் ஐக்மன். அதற்காக 1929இல் நொபெல் பரிசில் பங்கு பெற்றார். இச்சத்து உடலிற் சில வாரங்களுக்கே சேமிப்பாக இருக்கும். சிகிச்சைக்குப் பின் இடைவிடா வாந்தியால் அது தீர்ந்தால் மூளை தாக்குண்ணும். பார்வை இரட்டையாதல், நடை தள்ளாடுதல், நினைவு குழம்புதல் என்பன அதன் அடையாளங்கள். நடை தள்ளாடுவதைக் கண்டு குடிவெறியென எள்ளி நகையாடுவார் உளர். அந்த எள்ளலிலே போகும் நாழிகை திரும்பி வாராது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று, இன்ன சத்திரசிகிச்சை நடந்தது என்பதையும், இத்தனை நாளாக வாந்தி உளது என்பதையும் தெளிவாகச் சொல்லல் வேண்டும். நாவலப்பிட்டியோ டிக்கோயாவோ கண்டியோ, எங்குச் செல்லினும் முதல் வைத்தியசாலை தந்த நோய் விவர அட்டையைக் கையோடு கொண்டு செல்லுதல் முறை. உடல்வலிக்குக் கடையில் வாங்கும் சில வலிநிவாரணிகள் சிறிய இரைப்பையிலே புண்ணை உண்டாக்கும். ஆகவே வைத்தியரைக் கேளாது அவற்றை உட்கொள்ளலாகாது. மதுவோ, மாற்றுவழிச் சிகிச்சைக்குப் பின் மிக விரைவாகக் குருதியிற் கலக்கும். முன்பு மதுவுக்கு அடிமையாகாதவரும் பின்பு அடிமையாதல் உண்டெனக் கண்டுள்ளனர்.

மனத்தின் பசி

வயிறு சிறுத்த அளவிற்கு மனம் சிறுப்பதில்லை. தீபாவளிப் பலகாரத்தின் மணமும், கோயில் அன்னதானத்தின் சுவையும், நண்பரோடு அமர்ந்து கடையில் உண்ட கொத்து ரொட்டியும் நினைவிலே பழைய அளவிலேயே இருக்கும். துயர் வந்தபோது உணவில் ஆறுதல் கண்டவர்க்கு அந்த ஆறுதல் திடீரெனப் பறிபோகின்றது. முதற் சில திங்களில் ‘ஏன் இதைச் செய்துகொண்டோம்’ என்று கலங்குவோரும் உளர். இக்கலக்கம் இயல்பு, பெரும்பாலும் நீங்குவது. நீங்காது சோர்வு நீடிப்பின் அதனையும் வைத்தியரிடம் கூறல் வேண்டும்.

மற்றொரு பொறியும் உண்டு. ரொட்டி சிக்கும், தேத்தண்ணீரில் தோய்த்த பிசுக்கோத்தும் ஐஸ்கிறீமும் வழுக்கி இறங்கும். சிக்காததே நல்லுணவு என மயங்கி, நாள் முழுதும் சிறிது சிறிதாக அவற்றையே கொறிப்போர் இழந்த எடையை மீளப் பெறுவர். ஓராண்டின் பின் பசியும் ஓரளவு திரும்பும். சத்திரசிகிச்சை முதலாண்டிற்குத் துணை செய்யும். அதன்பின் துணை செய்வது பழக்கம்.

‘உண்ணாமல் இருந்தாற் போதாதா? வயிற்றை வெட்டுவானேன்?’ என இவர்களை இகழ்வார்க்கும் ஒரு வார்த்தை. மிகுந்த பருமன் வெறும் பேராசையின் பயனன்று. எடை குறையும்தோறும் உடலே பசியைப் பெருக்கி, இழந்ததை மீட்க முயலும் என்பது ஆராய்ச்சியாளர் கண்டது. நீரிழிவாலும் மூட்டு நோவாலும் மூச்சுத் திணறலாலும் வருந்தி, பிறவழி பயனளிக்காத நிலையிலே இச்சிகிச்சையை நாடினோர் சோம்பர் அல்லர். கடினமான வழியையே தேர்ந்தவர்.

சூழ்ந்திருப்போர் கடன்

திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம், முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்ணுமாறு உண்பவனுக்கு அறிவுறுத்துகின்றது. இடுபவருக்கும் இத்தகைய ஓர் அறிவுரை இன்று வேண்டியிருக்கின்றது. அதனைச் சில வரிகளிற் கூறுவோம்.

அவருக்கெனச் சிறு தட்டும் சிறு கரண்டியும் வையுங்கள். அவர் கையாலேயே போட்டுக்கொள்ள விடுங்கள். உண்ணும்போது தட்டை உற்று நோக்காதீர்கள். எண்ணி எண்ணி மெல்வதைப் பார்த்து நகையாடாதீர்கள். மிஞ்சியதை மூடிவைத்து இரண்டு மணி நேரத்தின் பின் கொடுங்கள். அது வீணன்று, அடுத்த வேளையின் உணவு. ‘ஐயோ, எப்படி இருந்த பிள்ளை இப்படி வாடிவிட்டதே!’ என வாசலில் நின்று இரங்காதீர்கள். கலியாண வீட்டிலே, ‘அக்கா, எனக்காக ஒரு வாய்’ என்று வற்புறுத்தாதீர்கள். அந்த ஒரு வாயின் விலையை அவர் பின்கட்டிலே தனியே நின்று செலுத்துவார், நீங்கள் அறியமாட்டீர்கள். பின்னர் அவர் கலியாண வீடுகளுக்கே வராதொழிவார். உணவிற்கு அஞ்சி உறவைத் துறப்பதினும் கொடிய பட்டினி வேறில்லை. அவரைப் பந்தியில் அழைத்து அமர்த்துங்கள். இலையிலே ஒரு சிறு பங்கு இட்டு, பேச்சிலே பெரும் பங்கு இடுங்கள். விருந்தின் பயன் கூடியிருத்தல் என்பதை அப்பொழுது இருவரும் உணரலாம்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. வைத்தியசாலை தந்த உணவுத்தாள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்குமாயின், அதனை வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்து, நல்ல தமிழிலே பெரிய எழுத்தில் எழுதிக் குசினிச் சுவரிலே ஒட்டிக் கொடுங்கள். ‘புரதம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாது, ‘பருப்பு, முட்டை, நெத்தலி’ என்று எழுதுங்கள். ‘30 மில்லிலீற்றர்’ என்பதோடு ‘இரண்டு மேசைக்கரண்டி’ என்றும் எழுதுங்கள். சமைப்பவர் வாசிக்கக் கூடியதாயிருந்தாலன்றி அத்தாளாற் பயனில்லை. தமிழ் கற்றதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

பசியால் வருந்தியவர் வழிவந்த மக்கள், உணவை அன்பின் அடையாளமாகக் கொண்டதில் வியப்பில்லை. அவ்வன்பு குறைய வேண்டுவதில்லை. அளவு அறிந்தாற் போதும். இனி ஒரு பந்தியிலே யாரேனும் இலைமேற் கையை மறித்துப் ‘போதும்’ என்பாராயின், அகப்பையைச் சற்றே நிறுத்தி அவர் முகத்தை நோக்குக. அகராதி தரும் பொருளிலேயே அவர் அச்சொல்லைச் சொல்லியிருக்கக் கூடும்.